ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு கிண்ணம்

அடி நசுங்கிய எவர்சில்வர் கிண்ணத்துக்கு நடந்தது பச்சை அநியாயம். சபாவின் பின்னறையில், தம்புராவின் முன்னாலேயே, மிருதங்கம் அதை ஏசியது: "ஒழுகலுக்கு வச்ச பாத்திரம்தானே நீ? குரு இல்லாம எதுக்கு டிங் டிங்னு உயிரை வாங்கறே? ஜலதரங்கம்னு நினைப்போ?"

 ஆனால் கிண்ணம், தம்புராவோடு ஒரு தரமாவது சேர்ந்து ஒலித்துவிட வேண்டும் என்ற ஆசையை மட்டும் விடவில்லை. கூரையிலிருந்து சொட்டு விழும்போதெல்லாம் கூர்ந்து கேட்டது. தண்ணீர் ஏறினால் சுருதி இறங்கும். உடனே நசுங்கிய பக்கமாகச் சாய்ந்து கொஞ்சம் கொட்டிவிடும். கூடுதலாகக் கொட்டிவிட்டால், அடுத்த சொட்டுகளுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும். முதல் வாரம் முழுக்க அபஸ்வரம்தான். அதைக் கிண்ணத்துக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பத்தாம் நாளும் மழை நிற்கவில்லை. ஈரக்காற்றில் மிருதங்கத்தின் தோல் தொய்ந்துவிட்டது. கச்சேரிக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. "கல்லை எடுத்துக்கிட்டு ஆள் வந்து என்னைத் தட்டிச் சுருதி சேர்க்கட்டும், அப்புறம் பாருங்க என்னை" என்று முனகியது.

அப்போது ஒரு சொட்டு விழுந்தது. டிங்!

"அடேயப்பா, என்னோட அப்படியே சேருதே!" என்றது தம்புரா. "இன்னொரு தரம், கண்ணு."

டிங்!

மிருதங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

கிண்ணம் ஒரு துளிகூடச் சிந்தாமல் நிமிர்ந்தது.

"யாரும் இல்லீங்க. தப்பு என் காதுலயே விழுந்துச்சு, நானே சாய்ஞ்சு திருத்திக்கிட்டேன். என்னைத் தட்டிச் சரிபண்ண ஆள் வரவேண்டியதில்லை."