பக்கவாட்டு நடை

அந்த ஏரியில் கொக்குகள் பன்னிரண்டு, வாத்துகள் பன்னிரண்டு, நண்டு ஒன்றே ஒன்று. மதகைத் திறந்து தண்ணீரைக் குறைத்தால் மீன் பிடிக்கத் தோது என்றன கொக்குகள். மூடியே இருந்தால்தான் நீந்த முடியும் என்றன வாத்துகள். வாக்கெடுப்புக்கு முதல் நாள், கொக்குத் தலைவர் நெட்டைக்காலர் நண்டின் வளைக்கு முன்னால் கழுத்தை மடக்கி நின்றார். போன மாதம்வரை அதை "வாய்க்குப் பத்தாத உருப்படி" என்று சொல்லித் திரிந்தவர் அவர்தான்.

"அண்ணே, மதகு விஷயத்துல உங்க மனசுல என்ன இருக்கு?"

"திறந்தா என்ன, மூடினா என்ன," என்றது நண்டு. "ஜெயிக்கிறவங்க இந்த ஏரியில என்னை மாதிரி பக்கவாட்டுல நடக்கணும். அது போதும்."

இவ்வளவு மலிவாக முடியும் என்று நெட்டைக்காலர் நினைக்கவே இல்லை. உடனே ஒப்புக்கொண்டார்.

கொக்குகள் ஜெயித்தன, மதகு திறந்தது, முழங்கால் தண்ணீரில் மீன்கள் துள்ளின. கொக்குகள் பக்கவாட்டில் பாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அலகெல்லாம் சேறு. மீன்கள் சாவகாசமாக மதகு வழியே வெளியேறின.

மூன்றாம் நாள் பசி தாங்காமல் நெட்டைக்காலர் மறுபடி வந்தார். "அண்ணே, இந்த நடையை மட்டும் விட்டுடலாமா?"

"தாராளமா விடுங்க," என்றது நண்டு, எதிர்க்கரையைப் பார்த்தபடியே.

அவரும் பார்த்தார். அங்கே பன்னிரண்டு வாத்துகளும் வரிசையாக நின்று பக்கவாட்டில் நடந்து பழகிக்கொண்டிருந்தன.

நெட்டைக்காலர் பக்கவாட்டிலேயே வீடு திரும்பினார்.