சங்கிலிமுத்துவின் நிறம்

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சட்டம் போட்டு வந்த படத்தில் பூரணியின் புருஷன் சங்கிலிமுத்து ரோஜாப்பூ நிறத்தில் இருந்தான். லாரி ஓட்டிக் கறுத்த மனிதன் அவன். கண்ணோரத்துச் சுருக்கம்கூட இல்லாமல் மழுமழுவென்று யாரோ ஒருத்தன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“யாரு இது?”

“ஸ்டுடியோவுல நான்தான் சொன்னேன் மதினி,” என்றான் கொழுந்தன் சிதம்பரம். “நாலு பேரு வந்து போற இடம், கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு. நேச்சுரலாத்தான் இருக்குன்னு ஸ்டுடியோக்காரனும் சொன்னான்.”

“செத்த மனுசனுக்கு எவன் பொண்ணு குடுக்கப் போறான், வெளுப்பாக் காட்டுறதுக்கு?” அவள் குரல் வாசல் பந்தல்வரை கேட்டது. “அந்தக் கறுப்புதான உங்களுக்கெல்லாம் சோறு போட்டுச்சு?”

சிதம்பரம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினான். “கோவிக்காதீங்க மதினி. நேரமாகுது, பொட்டு வைங்க.”

விரலில் சந்தனத்தை எடுத்துக்கொண்டு படத்தின் அருகில் போனபோதுதான் பார்த்தாள். லாரி ஜன்னலில் கிடந்து கிடந்து வெயிலில் வெந்த அவனுடைய வலது கையை வெளுப்பாக்க ஸ்டுடியோக்காரன் மறந்திருந்தான். நெஞ்சின் குறுக்கே மடக்கி வைத்திருந்த அந்தக் கை, பழைய தழும்போடு கருகருவென்று அப்படியே இருந்தது.

படத்தின் நெற்றியை விட்டுவிட்டு, அந்தக் கையில் பொட்டு வைத்தாள்.

“நெத்தி மதினி, நெத்தி!” என்று பதறினான் சிதம்பரம்.

“அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி,” என்றாள். “உங்களுக்குத் தெரிஞ்சவருன்னா நீங்களே வைங்க.”