அட்டையில் விழுந்த டிக்

வண்டி தர வேண்டிய நேரம் காலை பதினொன்றே கால் மணி, செயினில் நூற்றுப் பன்னிரண்டு கண்ணிகள், பைக்கின் சொந்தக்காரர் பெயர் எபனேசர். இவ்வளவும் ஒர்க்‌ஷாப் அட்டையில் எழுதியிருந்தது. "புது செயின் மாட்டிச் சரிபார்க்கப்பட்டது" என்ற வரிக்கு எதிரே டிக்கும் இருந்தது.

செயினின் இரண்டு முனைகளையும் இணைக்க வந்த ரிவிட் லாக் அதைப் பார்த்துக் கொதித்தது. அதற்கு இரண்டு ஆணிகள். ஒன்றின் தலையைத்தான் மெக்கானிக் அழுத்தி விரித்திருந்தார். மற்றதைத் தொடுவதற்குள் டீக்குப் போய்விட்டார்.

"என் வேலை பாதியில் நிற்கிறது. உனக்கு யார் டிக் போட்டது?" என்று லாக் கேட்டது.

"மேனேஜர்தான். கடை திறந்ததும் எல்லா அட்டைக்கும் மொத்தமாகப் போட்டுவிடுவார்," என்றது அட்டை. "லேட்டாக வந்தது நீ. என்மேல் ஏன் பாய்கிறாய்?"

"விரியாத ஆணி கழன்றால் செயின் அறுந்து ஓட்டுகிறவர் காலில்தான் அடிக்கும். வெர்னியர் அண்ணே, நீங்களாவது என் ஆணித் தலையை அளந்து சொல்லுங்கள்."

கருவிப் பெட்டிக்குள் கிடந்த வெர்னியர் அளவுகோல், "கையில் எடுத்தால்தானே அளப்பேன், தம்பி. ஆயுத பூஜைக்கு எடுத்தார்கள். பொட்டு வைத்துவிட்டு உள்ளே போட்டுவிட்டார்கள்," என்றது.

"எழுதியிருப்பதைவிட உங்கள் இரண்டு பேருக்கும் அதிகம் தெரியுமோ?" என்றது அட்டை.

திரும்பி வந்த மெக்கானிக், எதுவரை முடித்தோம் என்று யோசித்தார். அட்டையைப் பார்த்தார். டிக் இருந்தது. வண்டியை வெளியே தள்ளினார்.

ஜூலை 9ஆம் தேதி புறவழிச்சாலையில் அந்தச் செயின் அறுந்தது. எபனேசருக்கு இடது கணுக்கால் முறிந்தது.