தலை இல்லாத மரங்கள்

“மரத்துக்குத் தலை எங்க போச்சு? கொப்பு, இல எல்லாத்தையும் விட்டுட்டு அடிமரத்த மட்டும் எடுத்து வச்சிருக்கான். இதையும் ஒரு போட்டோ எண்டு சனம் வாங்கிட்டுப் போகுது, புஸ்பம்!”

வேலியோரம் நின்று கோணாமலை பல்லைக் கடித்தார். அடுத்த வளவு இராசதுரையின் ஸ்டூடியோ. அதன் கிணற்றடிக் கொடியில் கழுவிய படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. அத்தனையும் மரங்கள்.

“மத்தவன்ட கொடியப் பார்த்தது போதும். வந்து தேத்தண்ணியக் குடிங்க,” என்றாள் அவர் மனைவி புஸ்பம்.

அவர் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி வேலிக்கே வந்தார். மட்டக்களப்பு டவுனில் படம் என்றால் கோணாமலைதான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. சண்டை மூண்டு கரண்ட் போனதும் அவருடைய ஸ்டூடியோ விளக்குகள் வெறும் இரும்பாகிவிட்டன. கலியாண வீட்டுக்காரர்கள் வருவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்களை உட்காரவைத்து அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுதான் மிச்சம்.

நேற்றுக் கடை திறந்த இராசதுரையோ விடியற்காலையில் கமராவோடு தோணி ஏறி, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போகிறான். வெயில் வெளிச்சத்தில் மரங்களை எடுத்து வருகிறான். அதை வாங்க அவன் வாசலில் பெண்கள் காத்து நிற்கிறார்கள். அதுவும் யார்? படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். தங்களை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள நினைக்காதவர்கள்! வாங்கிய மரத்தைப் பேப்பரில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போகிறார்கள். பார்க்கப் பார்க்கக் கோணாமலைக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று ஒத்துக்கொள்வாரா? தொழில் சீரழிகிறதே என்ற கவலையாம்!

ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டே விட்டார்.

“என்ன தம்பி, மரத்தில அப்பிடி என்ன இரிக்கு? எனக்கும் கொஞ்சம் சொல்லன்.”

ஈரப் படத்தைக் கொடியில் மாட்டிக்கொண்டே இராசதுரை சொன்னான்: “தேவப்பட்ட ஆக்கள் வந்து கேக்காங்க அண்ணன். நான் போய் எடுத்துக் குடுக்கன்.”

“எடுக்கிறதுதான் எடுக்கிறாய், அந்தக் கொப்பு இலையெல்லாம் எங்க?”

“அது தேவல்ல அண்ணன்.”

தேவையில்லையாம்! மரத்தைப் படம் பிடிக்கிறவனுக்கு இலை தேவையில்லையாம். பெரிய ஆள்தான். தொழில் இரகசியத்தைப் பொத்திப் பிடிக்கிறான் என்று கோணாமலை முடிவு கட்டினார்.

அந்தக் கிழமையே அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சின்னத்தங்கம் என்ற அம்மா இராசதுரையிடம், “மருதமரம் தம்பி, மறந்திராதீங்க,” என்று கெஞ்சிவிட்டுப் போனது அவர் காதில் விழுந்தது. மறுநாளே இராசதுரை காய்ச்சலில் படுத்துவிட்டான்.

“நான் எடுத்துக் குடுக்கன் பார் மருதமரம்! இவனா நானா எண்டு சனம் பார்க்கட்டும்,” என்று பழைய கமராவைத் துடைத்தார்.

“ஆமி புடிச்சா என்ன செய்வீங்க? உங்களுக்கு விசரா?” என்று புஸ்பம் வாசலை மறித்தாள். அவர் கேட்கவில்லை.

ஆமிச் சென்ட்ரியில் பையைக் கொட்டிக் கிளறினார்கள். காலண்டருக்கு மரம் எடுக்கப் போகிறேன் என்றார். அவர்கள் சிரித்துவிட்டுப் போகவிட்டார்கள். அக்கரையில் வெகுதூரம் நடந்து, வயல் வட்டையின் கரையில் ஒரு மருதமரத்தைக் கண்டார். ராசா மாதிரி நின்றது. வெயில் இலைகளுக்குப் பின்னால் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். என்ன இருந்தாலும் தொழில் தெரிந்த மனிதர். ஒவ்வொரு இலையும் நரம்பு தெரிய ஒளிர்ந்த நேரம் பார்த்துக் கமராப் பொத்தானை அமர்த்தினார். திரும்பி வரும் வழியெல்லாம் இராசதுரையின் முகம் எப்படிச் சுருங்கும் என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

படத்தைக் கழுவிச் சட்டம் போட்டு வைத்தார். சின்னத்தங்கம் வந்து இராசதுரையின் பூட்டிய கதவைப் பார்த்துத் தயங்கி நின்றதும் வாசலுக்கு ஓடினார்.

“அக்கா, இஞ்ச வாங்க! நீங்க கேட்ட மருதமரம் என்னட்ட இரிக்கு.”

“மெய்யாவா தம்பி? நீங்களும் அங்க போனீங்களா?”

அவள் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் படத்தை வாங்கினாள். மேலே இலைகளை அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. படத்தின் அடி விளிம்பில் கண்ணை ஓட்டி எதையோ தேடினாள்.

“இது எந்த ஊர்ப் பக்கம் தம்பி?”

“எந்த ஊரா இருந்தா என்னக்கா? படுவான்கரையில இதவிட வடிவான மருதமரம் இல்ல. இலையப் பாருங்க, வெயில் விழுந்திருக்கிற வடிவப் பாருங்க. இராசதுரையால ஏழு சென்மத்துக்கும் இப்பிடி ஒண்டு எடுக்க ஏலுமா? காசும் வேணாம், சும்மா கொண்டு போங்க.”

சின்னத்தங்கம் தெருமுனைச் சென்ட்ரியை ஒருமுறை பார்த்துவிட்டுப் படத்தை மெதுவாக அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

“புதைச்ச இடத்தில கல்லு ஒண்டு நட ஏலாம, கிட்ட நிண்ட மரத்தக் குறிச்சி வச்சிட்டு ஓடி வந்த ஆக்கள் நாங்க. இது நல்ல வடிவான மரம்தான் தம்பி, ஆனா இதுக்குக் கீழ என்ட மகன் இல்லையே.”