குண்டு நகர்ந்த பக்கம்

அணைக்கு உள்ளே, உச்சியிலிருந்து ஒரு கம்பியில் இரும்புக் குண்டு தொங்குகிறது. அது எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று தினமும் காலையில் அளந்து எழுதுவது என் வேலை. தேங்கிய தண்ணீர் தள்ளுவதால் அணை வெளிப்பக்கம்தான் சாயும். குண்டும் அப்படியே நகரும். மூன்று நாளாக அது தண்ணீர்ப் பக்கம் நகர்கிறது.

“கம்பிக் கோளாறுதான் அக்கா. பழைய அளவையே போட்டுடுங்க,” என்றான் ஆபரேட்டர்.

“கீழே ஊர் இருக்கு தம்பி. அளந்ததைத்தான் எழுதுவேன்.”

கம்பியை மாற்றினேன். ஒன்பது மில்லிமீட்டர். குண்டையும் மாற்றினேன். பதினொன்று. எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தாகமாக இருந்தது. மேஜையில் என் பாட்டில் நேராகத்தான் நின்றது. உள்ளே இருந்த தண்ணீர் மட்டும் அணைநீர் இருக்கும் பக்கமாக ஏறி நின்றது.

குடிக்கவில்லை. ஸ்கேலை எடுத்துப் பாட்டிலையும் அளந்தேன்.