பேர் போட்டால் போகவில்லை

“யார் இதுல கை வெச்சது?”

அந்த அறையில் அவரைத் தவிர இருந்த ஒரே ஆள் அவள்தான். அதனால் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான் சார். ஒரு சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணப் பார்த்தேன். எர்ரர் வந்துடுச்சு.”

“லினக்ஸ் மெஷின்னா உங்களுக்கெல்லாம் விளையாட்டுச் சாமானா?” அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, காலில் ரப்பர் செருப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நீ எப்ப சேர்ந்தே?”

“இன்னிக்குத்தான் சார்.”

“முதல் நாளே இந்த லட்சணம்! மேல இருக்கறவங்க போன் பண்ணினாங்களா?”

“இன்னும் இல்லை சார்.”

“பண்றதுக்குள்ள முடிச்சாகணும். முடியலைன்னா நீ நாளைக்கு வரவே வேண்டாம்.”

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு காலத்தில் யாராவது முகம் சுளித்தாலே கண் கலங்கிவிடுகிற பெண்தான். இப்போது திட்டு காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு வராமல் இருக்க அவளால் முடியாது. அவர் எப்படியாவது இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அவர் முதலில் கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். பிறகு கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட ஆரம்பித்தார். அதுவரை எரிந்து விழுந்துகொண்டிருந்த மனிதர், கீபோர்டைத் தொட்டதும் சாதுவாகிவிட்டார்.

வெளியே எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரை அதன் எண்ணைப் போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் வந்தது. அதையே பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்படி யாரையும் தெரியாது என்று ஒரே வரியில் கைவிரித்துவிட்டது மெஷின்.

“நம்பர் போட்டா போகுது, பேர் போட்டா போகலை” என்றார். “நெட் நல்லாத்தான் இருக்கு. இதுக்குப் பேர்தான் பிடிபடலை.”

“ஆமாம் சார்.”

“என்ன ஆமாம் சார்? எல்லாம் தெரிஞ்ச மாதிரி!”

அவள் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அடுத்து என்ன செய்வது என்பதில்தான் அவர் நின்றுபோனார். விரல்கள் கீபோர்டின் மேல் இருந்தன, எதையும் அழுத்தவில்லை. டீ கொண்டு வந்த பெண்மணியும் அவர் நிலையைப் பார்த்துவிட்டுக் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

“அங்க வெச்சிட்டுப் போங்க. கேபிள் மேல சிந்திடாதீங்க” என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினார். “ஒரு ஃபைல் இருக்கும்... பேரை யார்கிட்ட விசாரிக்கணும்னு அதுலதான் எழுதியிருக்கும். அந்த ஃபைல்... அது...”

அது எந்த ஃபைல் என்று அவளுக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். இப்போது வாயைத் திறந்தால் காரியமே கெட்டுவிடும்.

அவர் நெற்றி வியர்த்தது. கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் விடை இருக்கிற மாதிரி. டீயில் ஆடை படிந்தது. பெண்மணி டீயைக் கீழே வைக்கவும் இல்லை, அங்கிருந்து போகவும் இல்லை. இன்றைக்கு அவ்வளவுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்புகூட அவளுக்கு வலிக்கவில்லை.

திடீரென்று அவர் விரல்கள் படபடவென்று தட்டின. ஃபைல் திறந்தது.

“அடடே! இங்க பாரு.” அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது. “வரி அப்படியேதான் இருக்கு. முன்னாடி ஒரு ஹாஷ் குறி போட்டிருக்கு. அது இருந்தா மெஷின் அந்த வரியைப் படிக்காமத் தாண்டிப் போயிடும்.” கொஞ்சம் யோசித்தார். “தெரியாத ஆள் கை வெச்சிருந்தா வரியையே அழிச்சிருப்பான். இது வேலை தெரிஞ்ச ஆள் பண்ணினது.”

“யாருன்னு தெரியலையே சார்.”

“உனக்கெங்கே தெரியப் போகுது!”

குறியை எடுத்துவிட்டுச் சேமித்தார். சாஃப்ட்வேரை மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னதும் திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. கடைசியில் எல்லாம் சரி என்று வந்து நின்றது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, ஊரையே காப்பாற்றிக் கொடுத்தவர் போலச் சாய்ந்து உட்கார்ந்தார். ஆறிப்போன டீயை அந்தப் பெண்மணி நீட்ட, “ரொம்ப தேங்க்ஸ்ங்க” என்று மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. “சரி, போய் வேலையைப் பாரு. நாளைக்கு வா. ஆனா எதையும் தொடக் கூடாது, புரியுதா?”

“சரி சார்.”

“ஆமா, உன் பேர் என்ன?”

சொன்னாள்.

“நல்ல பேரா இருக்கே. யார் வெச்சது?”

“வீட்டுல வெச்சாங்க சார்.”

அவர் தலையாட்டினார். டீயைக் குடித்து முடித்ததும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். கழுத்திலிருந்த அட்டை மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. அவள் ஃபேனைக் குறைத்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

டீ கொண்டு வந்த பெண்மணி காலி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். இருவரும் அழவில்லை. அவள் அந்த டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“அப்பா இன்னிக்கு ரொம்பத் திணறிட்டாரும்மா, நாளைக்கு இன்னும் சுலபமா எதையாவது கெடுத்து வைக்கிறேன்.”