முப்பத்தேழாவது படம்

வெஸ்னா ஞாயிறுதோறும் காதலன் லூக்காவின் கேமராவுடன் ஊரைச் சுற்றுவாள். பாறையைக் குடைந்த வீடுகளின் வாசலில் காயும் துணிகளையும் லாரி நிழலில் படுத்திருக்கும் நாயையும் படமெடுப்பாள். ஓபல் ரத்தினக் கல்லுக்காகத் தோண்டிக் கைவிட்ட குழிகள் எங்கும் திறந்து கிடக்கும் பாலைவன ஊர் அது. பார்க்காமல் பின்னோக்கி நடக்கக் கூடாது என்பதுதான் அங்கே குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

முன்பொருநாள் அவளைப் படமெடுக்கும்போது லூக்கா அப்படி நடந்தான். "அசையாம சிரி" என்றான். அவனுக்குப் பின்னால் இருந்த குழி அவளுக்குத் தெரிந்தது. படம் கெட்டுவிடுமே என்று ஒரு நொடி வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். அந்த நொடியில் அவன் விழுந்து இறந்தான்.

பிலிம் கழுவித்தரும் டெஸ்பினா படங்களை மேசையில் பரப்பினாள்.

"சுருளுக்கு முப்பத்தாறுதான்டி. உனக்கு மட்டும் எப்பவும் ஒண்ணு கூடுது. அதுல நீயே நிக்கிற. யாருடி எடுக்கறது? எங்களுக்குக் கல்யாணச் சோறு எப்போ?"

வெஸ்னா சிரிக்கவில்லை. அந்தப் படத்தில் அவள், லூக்கா விழுந்த அன்று நின்ற அதே மண்மேட்டருகே நின்றாள். சுருளுக்குச் சுருள் சிறுத்துக்கொண்டே வந்தாள்.

"லூக்கா பின்னாடியே நகர்ந்து போறான் டெஸ்பினா. குழிக்கு இன்னும் ஒரு எட்டுதான்."

அடுத்த ஞாயிறு மண்மேட்டருகே நின்று, எதிரே இருந்த வெறுவெளியைப் பார்த்துத் தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

"நில்லு லூக்கா! பின்னாடி குழி!"

அடுத்த சுருளில் இருந்த கூடுதல் படத்தை டெஸ்பினா அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். சுற்றிலும் இருட்டு, நடுவில் வட்டமாக வானம். குழியின் விளிம்பில் வெஸ்னாவின் சிறிய முகம் கீழே எட்டிப் பார்த்தது. படத்துக்காக வைத்த சிரிப்பு அதில் அப்படியே இருந்தது.